கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை

தேவாலயத்து மாமரத்தடியில் சோளமாவு மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. ம்சூசு நகரத்திலிருந்து நிவாரண வேலைக்கு வந்து மூன்று வாரமான திவோங்கே, கேமராவைக் கண்ணிலிருந்து இறக்குகிறாள். எதிரே மூட்டையோடு நிற்கும் நியாகொந்துவே, சபைக்கு விருந்தாளி வந்தால் பெண்கள் உடுத்தும் மாதர் சங்க உடையில் இருக்கிறாள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கறுப்புப் பாவாடை. இஸ்திரிப்பெட்டிக் கரியின் வாசம் இன்னும் போகவில்லை. "காசு அனுப்புறவங்க பாக்குற படம்மா. வீட்ல கட்டுற பழசு இருந்தா மாத்திட்டு வர்றீங்களா?" முகத்தைப் பார்க்காமல் கேட்கிறாள் திவோங்கே. நியாகொந்துவே மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்திலிருக்கும் தன் குடிசைக்குள் போகிறாள். வரிசையில் நிற்கும் மற்றப் பெண்களும் அதே வெள்ளைச் சட்டையில்தான் இருக்கிறார்கள். ஒருத்தி தன் காலரைத் தடவிப் பார்த்துக்கொள்கிறாள். மாவுத்தூசி வெயிலில் மிதக்கிறது. திரும்பி வந்தவளின் இடுப்பில் சாயம் போன துணி, தோளில் கிழிந்த ரவிக்கை. கிழிசலை மூடப் போன கையை அவளே கீழே இறக்கிக்கொள்கிறாள். திவோங்கேயின் காதுமடல்கள் எரிகின்றன. கேமராவைத் தூக்கக் கை வரவில்லை. அவள் தயங்குவதைப் பார்த்து நியாகொந்துவே கிட்டே வருகிறாள். குரலில் கேலி இல்லை, அக்கறைதான் இருக்கிறது. "இது போதாதாம்மா? இன்னும் கிழிஞ்சதுன்னா அடைக்கோழிக்கு விரிச்சது ஒண்ணுதான் இருக்கு. உதறி எடுத்துட்டு வரட்டுமா?"