இருபது ஹெச்.பி.
புனேயை அடுத்த பிம்ப்ரியில், தொழிற்சாலைப் புல்வெளியில் கல்லில் மோதிய பிளேடு உடைந்து, மேல்தகட்டைப் பிளந்து, புல்வெட்டும் வண்டியை ஓட்டிவந்த கிட்டுவின் கெண்டைக்காலைக் கிழித்திருக்கிறது. ரத்தம் சொட்டச் சொட்ட இறங்கியவன், புது எஞ்சினைத் தேர்ந்தெடுத்த மைத்துனன் சேஷுவின் சட்டையைப் பிடித்து வண்டியின்மேல் சாய்த்து அழுத்துகிறான். எஞ்சின் அப்போதும் நிற்காமல் உதறிக்கொண்டு ஓடுகிறது. வெட்டிய புல்லும் பெட்ரோலும் நாறுகின்றன. "பழைய பன்னெண்டு ஹெச்.பி.யா இருந்தா கல்லுல பட்டதும் திணறி நின்னிருக்கும். இருபது வேண்டாம்னு தலைப்பாடா அடிச்சுண்டேனேடா!" என்று கிட்டு கத்துகிறான். "பவர் ஜாஸ்தியா இருந்தா நல்லதுன்னு நினைச்சுட்டேன், அத்திம்பேர். சாயங்காலமே பழைய சைஸ் போட்டுடறேன்!" "எஞ்சினை மாத்திடுவே. என் காலை?" கிட்டு வண்டியின் கருவிப்பெட்டியிலிருந்து உருவிய ஸ்பானர், வெயிலில் மின்னி, சேஷுவின் முழங்காலில் இறங்குகிறது.