மழை பெய்யும் ஜன்னல்

டுலூத் நகரின் சிறிய கலைக்கூடம் ஒன்றில் இங்கா தன் கண்காட்சிக்காகத் தன் பழைய படுக்கையறையை அப்படியே அமைத்திருந்தாள். கட்டில் மேல் மட்டும் உயிருள்ள பாசியை வளர்த்திருந்தாள். சுவரில், மழை பெய்யும் காட்டை நோக்கித் திறந்த ஒரு ஜன்னலை வரைந்திருந்தாள்.

மூன்று நாளாகக் காலையில் அந்த ஓவியத்தின் கீழே தண்ணீர் தேங்கியது.

"உன் ஜன்னலச் சாத்தும்மா, தினமும் என்னால துடைக்க முடியல," என்று கேலி செய்தார் காவலாளி லோர்ன்.

கூரையும் குழாய்களும் சரியாகத்தான் இருந்தன. மறுநாள் திறப்பு விழா. இருப்புக்கொள்ளாமல் இங்கா ஜன்னலை மூடியதாக மாற்றி வரைந்துவிட்டுப் போனாள்.

காலையில் தரை காய்ந்திருந்தது. வரைந்த கண்ணாடியில் ஈரமான உள்ளங்கைத் தடங்கள். லோர்ன் அழுத்தித் துடைத்தார்.

"போகல இங்கா. அந்தப் பக்கம்ல இருக்கு."

விருந்தினர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். இங்கா தூரிகையை எடுத்து, ஜன்னலின் தாழ்ப்பாள் திறந்திருப்பதாக மாற்றி வரையத் தொடங்கினாள்.