தண்ணீர் சிந்தக் கூடாது

“இன்னும் சிந்துது, ஐயா.”

வேன்காரர் எவர்சில்வர் டம்ளரைத் தூக்கிக் காட்டினார். கால்வாசித் தண்ணீரைக் காணோம்.

டயர்க்காரருக்குச் சுர்ரென்று வந்தது. காலையிலிருந்து இதே கூத்துதான். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய டம்ளரை வேனுக்குள் தரையில் வைப்பது, தெருமுனை வேகத்தடை வரை ஓட்டிப் போய்த் திரும்புவது, வந்து உதட்டைப் பிதுக்குவது. இது மூன்றாவது தடவை.

“தம்பி, இது வேன். தொட்டில் இல்ல.”

வந்தபோது நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார். வேனில் பதினேழு இஞ்ச் அலாய் வீல், அதைச் சுற்றிப் பெயருக்கு ஒரு ஒல்லி டயர். முன்னால் வைத்திருந்த யாரோ அழகுக்கு மாட்டியது. அதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று ஒரு கசங்கிய சீட்டை நீட்டினார்.

‘பதினஞ்சு இஞ்ச் இரும்பு வீல். உயரமான டயர். புது ஷாக் அப்சார்பர். பின்னால் ஒரு பட்டை கழட்டணும்.’

“யாரு சொன்னது?”

“ஒருத்தர் சொன்னாரு. நான் எழுதி வெச்சுக்கிட்டேன்.”

“வேலை தெரிஞ்ச ஆளு! வீல் சின்னதானா ரப்பர் அதிகமா வரும். பள்ளத்துல விழுந்தா அடியை ரப்பர் வாங்கிக்கும், உள்ள இருக்கிறவங்களுக்குத் தெரியாது” என்று மனதாரப் பாராட்டினார் டயர்க்காரர்.

வீல் ஆச்சு, டயர் ஆச்சு, ஷாக்கும் ஆச்சு. சிக்கல் கடைசி வரியில்தான்.

“அந்தப் பட்டையையும் கழட்டிடுங்களேன், ஐயா.”

“சும்மா கழட்டிட முடியாது. பின்னால இருக்கிற ஸ்பிரிங் பட்டை அத்தனையும் சேர்ந்து முக்கால் டன் தாங்கும். காலியா ஓடினா தூக்கித்தான் போடும். அதுக்காக ஒண்ணைக் கழட்டினா, பாரம் ஏறினப்போ அச்சு மேல போய் முட்டும். நீங்க என்ன ஏத்துவீங்க, அதைச் சொல்லுங்க.”

வேன்காரர் தரையைப் பார்த்தார். “அறுபது, எழுபது கிலோ இருக்கும். கூட நாலஞ்சு பேர் உட்காருவாங்க.”

“என்ன சாமான்?”

“சில நாள் அதைவிடக் குறைவா இருக்கும்... ரொம்பக் குறைவா.”

“எடையைக் கேக்கல தம்பி. சாமானைக் கேட்டேன்.”

வேன்காரர் டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரைக் கீழே கொட்டினார்.

கடையின் போனும் பில்லும் மகள் பொறுப்பு. அவள் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக் கூப்பிட்டாள்.

“அப்பா, வேனோட ரெண்டு பக்கமும் நியூஸ்பேப்பர் ஒட்டி மறைச்சிருக்கு, பார்த்தீங்களா?”

“பெயின்ட் அடிக்கப் போறாரு போல.”

“ஒரு சொட்டு பெயின்டைக் காணோமே! குலுங்கக் கூடாது, சிந்தக் கூடாது, என்னன்னு வாயைத் திறந்து சொல்லவும் கூடாது. பாட்டில்தான்ப்பா. கள்ளச் சரக்கு.”

கடவுளைக் கும்பிடாமல் ஒரு நாளும் ஷட்டரைத் தூக்காதவர் டயர்க்காரர். ஸ்பேனரும் கையுமாக வெளியே வந்தார்.

“தம்பி, வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டாச் சொல்லிடறேன். நாலு குடும்பத்தைக் கெடுக்கிற வண்டிக்கு என் கை வேலை செய்யாது. பழைய வீலையே மாட்டித் தரேன், கிளம்புங்க.”

வேன்காரர் ஆடிப்போனார். “ஐயோ, அதெல்லாம் இல்ல ஐயா! மூணு கடையில வாசல்லயே நிறுத்த விடல. நீங்களும் கைவிட்டா எனக்கு வேற இடம் இல்ல.”

“அப்போ பேப்பரைப் பிரிங்க.”

“அது மட்டும் வேண்டாம், ஐயா.”

டயர்க்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விறுவிறுவென்று போய் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தார். பேப்பர் நீளமாகக் கிழிந்து வந்தது.

‘அமரர் ஊர்தி.’

இழுத்த கை அப்படியே நின்றது.

குரலைத் தாழ்த்திக் கேட்டார். “ஏம்ப்பா, போய்ச் சேர்ந்தவங்களுக்கு என்ன குலுக்கல்?”

“அவங்களுக்கு இல்ல ஐயா. பக்கத்துல உட்கார்ந்து வர்றாங்களே, அவங்களுக்கு. வண்டி தூக்கிப் போடற ஒவ்வொரு தடவையும் பதறிப் போறாங்க. கண்ணாடியில பார்த்துக்கிட்டே ஓட்ட முடியல.”

அதற்குள் மகள் வெளியே வந்திருந்தாள். மேஜை மேல் கிடந்த சீட்டு அவள் கையில் இருந்தது.

“அப்பா... போன வருஷம் ஆஸ்பத்திரியிலேர்ந்து அம்மாவை இப்படி ஒரு வண்டியிலதானே கொண்டு வந்தோம். வண்டி குலுங்கக் குலுங்க அம்மா தலையை ரெண்டு கையாலயும் தாங்கிக்கிட்டு வந்தீங்க. ‘பதினேழு வேண்டாம்ப்பா, பதினஞ்சு போடு, ஒரு பட்டையைக் கழட்டு, அவளுக்கு வலிக்குது’ன்னு வழி முழுக்கப் புலம்பினீங்க. இதுல இருக்கிறது நீங்க சொன்னதுப்பா.”

அன்றைக்கு எந்த வண்டியில் வந்தார், யார் ஓட்டினார், ஒன்றும் டயர்க்காரருக்கு நினைவில்லை. உள்ளங்கைகளில் அந்தக் கனம் மட்டும்தான் மிச்சம்.

வேனுக்கு அடியில் போய்ப் படுத்தார். பின்பக்கப் பட்டையின் நட்டு கிறீச்சென்று திரும்பும் சத்தம் கேட்டது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது.

“நானும் துரத்திடுவேன்னு பயந்துதானே தம்பி பேப்பர் ஒட்டினே?”

வேன்காரர் டம்ளரில் விளிம்பு வரை தண்ணீரை ஊற்றி, சிந்தாமல் தூக்கினார்.

“இல்லீங்க ஐயா. மத்த மூணு கடைக்கும் ஒட்டாமத்தான் போனேன். இங்க வரும்போதுதான் ஒட்டினேன். வண்டியைப் பார்த்து உங்களுக்கு அந்த நாள் ஞாபகம் வந்துடக் கூடாதேன்னு.”