துண்டு போட்ட திரை

தணிகாசலம் வீட்டை விட்டுப் போய் ஒன்பது நாளாகிறது. கணினியில் மனைவிக்கு ஒரு கடிதம் அடித்து, சேமிக்காமலே போயிருந்தார். "செங்கமலம், என்னைத் தேடாதே. ரொம்ப அவசியமென்றால் மட்டும், நான் இருக்குமிடம்" என்ற வரியோடு திரை உறைந்து நின்றது. மீதி அதற்குக் கீழே இருந்தது. மவுஸ் சக்கரத்தை எவ்வளவு உருட்டியும் மேலே வரவில்லை. ஒன்பது நாளும் அவள் கணினியை அணைக்கவில்லை.

பழைய மெஷின், மெமரி கூட்டினால் உருளும் என்று மெக்கானிக் அருளப்பன் போனில் சொன்னார். கடிதத்தைப் பற்றி அவரிடம் அவள் மூச்சுவிடவில்லை. அவர் வருமுன் திரைமேல் துண்டைப் போட்டு மூடினாள்.

டீயோடு திரும்பியபோது, பிடுங்கியிருந்த வயரை அவர் மறுபடி செருகிக்கொண்டிருந்தார்.

"ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"பின்னே? கரண்ட்டோட கை வெச்சா நான்ல போயிருவேன்க்கா."

துண்டை உருவினார். திரை கழுவிவிட்டதுபோல் நீலமாக இருந்தது. செங்கமலம் டீயைக் கீழே வைத்துவிட்டு மவுஸ் சக்கரத்தை உருட்டத் தொடங்கினாள்.

"இனிமே பறக்கும் பாருங்க. சார் அசந்துருவாரு," என்றார் அருளப்பன். "ஆமா, எங்க போயிருக்காரு?"

அவள் உருட்டிக்கொண்டே இருந்தாள்.