மாஸ்க்குக்குள் ஒரு சம்மதம்

“ரெண்டு வழி இருக்குதுங்க,” என்றார் டாக்டர். “மூக்குக் குழாயில வேகமா ஆக்சிஜன் குடுத்தா அப்பா பேசலாம். வாயையும் மூக்கையும் மூடுற மாஸ்க் போட்டா பேச முடியாது.”

“மாஸ்க்கே போடுங்க சார்,” என்றாள் அன்பரசி. அம்மா அவள் இடுப்பில் கிள்ளினாள்.

வத்தல்மலையிலிருந்து இறங்கும் வழியெல்லாம், மூச்சு வாங்கியபடியே அப்பா ஒன்றைத்தான் சொல்லி வந்தார். “அந்த ஆரோக்கியராஜ் மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன். நீயும் மறந்துடு.”

ரத்தத்தில் கரியமில வாயு ஏறியிருந்ததால் டாக்டரும் மாஸ்க் என்றே முடிவு செய்தார். டெக்னீஷியன் மெஷினில் இணைத்த மாஸ்க்கின் பட்டையை இறுக்கினார். காற்று கசிந்தபோதெல்லாம் ஓடி வந்தார். மூக்கு புண்ணாகாமல் பஞ்சு வைத்தார். அப்பாவுக்கு மூச்சு சீரானது.

அன்பரசி குனிந்தாள். “அப்பா, ஆரோக்கியராஜையே கட்டிக்கட்டுமா?”

அப்பாவின் தலை மேலும் கீழும் ஆடியது.

“மெஷின் காத்து தள்ளுதுடி,” என்றாள் அம்மா. “வாயத் தொறந்து சொல்லட்டும்.”

மறுநாள் மூக்குக் குழாய்க்கு மாற்றினார்கள். இப்போது அன்பரசிக்குத்தான் மூச்சு முட்டியது.

“ஏங்க, நேத்து தலையாட்டுனது நீங்களா, மெஷினா?” என்றாள் அம்மா.

“நான்தான்.” அப்பா டெக்னீஷியன் பக்கம் திரும்பினார். “ஏப்பா ஆரோக்கியராஜ், உங்க வூட்டுல எப்பப் பொண்ணு பாக்க வர்றாங்க?”

டெக்னீஷியன் கையிலிருந்த பஞ்சு நழுவியது.

“இவருதான்னு உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?” என்றாள் அன்பரசி.

“நீங்க ரெண்டு பேரும் கண்ணாலயே பேசிக்கறத மாஸ்க்கா மறைக்கும்?” அப்பா சிரித்தார். “இவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னேன். நேத்திலிருந்து கண்ணத் தொறந்தா இவன் மூஞ்சிதான்.”