எந்த விதிப்படி ஆடுவது?

"இந்தப் பழசு வேண்டாம்டா, நார்பர்ட். இதுல ஆளுங்க ஈசல் மாதிரி சாவாங்க," என்றான் ரஸ்ஸல்.

"சாகட்டுமே. நிலவறைக்குள்ள இறங்கறவன் என்ன கல்யாண விருந்துக்கா போறான்?" என்றான் நார்பர்ட்.

சாப்பாட்டு மேஜைமேல் மூன்று விதிப்புத்தகங்கள் கிடந்தன. மூன்றும் ஒரே மாதிரி ஆட்டத்துக்குத்தான். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் குள்ளனாகவோ மந்திரவாதியாகவோ பேர் வைத்துக்கொண்டு, பூதங்கள் குடியிருக்கும் நிலவறைக்குள் இறங்குவார்கள். யாருக்கு எவ்வளவு அடி என்பதைப் பகடை சொல்லும்; அவரவர் தன் தாளில் குறித்து வைத்திருக்கும் உயிர்ப்புள்ளியில் அந்த எண் குறையும்.

ரஸ்ஸலின் மனைவி மார்லிஸ் பொரித்த சீஸ் துண்டுகளைத் தட்டோடு கொண்டுவந்து வைத்தாள். வெளியே, காலையில் ரஸ்ஸல் வாரி ஒதுக்கிய வாசல் பாதையைப் பனி மறுபடி மூடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு பேரா ஆடினா நல்லா இருக்காதுன்னு என்னையும் இழுத்து விட்டிருக்கே. வித்தியாசம் என்னன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லு, ரஸ்ஸல். குள்ளன் தாடியில இருந்து ஆரம்பிக்காதே," என்றாள்.

ரஸ்ஸல் வரிசையாகச் சொன்னான். தடித்த புத்தகத்தில் உயிர்ப்புள்ளி தீர்ந்தாலும் உடனே சாவு இல்லை, பிழைக்க வழி உண்டு. நீல அட்டைப் புத்தகத்தில் பழைய விதிகள்தான்; ஆனால் எல்லாப் பகடையையும் மேஜை நடுவில், எல்லோரும் பார்க்க உருட்ட வேண்டும். மூன்றாவது, ஸ்டேப்ளர் பின் அடித்த மெல்லிய புத்தகம். பதினைந்து வயதில் அவர்கள் இருவரும் ஆடியது. அதில் புள்ளி தீர்ந்தால் ஆள் தீர்ந்தான். நடத்துகிறவர் ஓர் அட்டை மறைப்புக்குப் பின்னால் உருட்டிவிட்டு, விழுந்த எண்ணை மட்டும் சொல்வார்.

"அவர் பொய் சொன்னா?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"நம்பணும்ங்க. அதுதான் ஆட்டமே," என்றான் நார்பர்ட்.

ரஸ்ஸலுக்கு முகம் சுட்டது. நீலப் புத்தகத்தை முன்னால் தள்ளினான்.

"இதையே வெச்சுக்கலாம். எல்லாம் வெளிப்படையா இருக்கும்."

"வெளிப்படையா இருக்கணும்னா சீட்டாட்டம் ஆடலாமே. எனக்குப் பழசுதான் வேணும். நீதான் நடத்தணும், அந்த மறைப்புக்குப் பின்னால உட்கார்ந்து."

அங்கே போய் உட்காரத்தான் ரஸ்ஸலால் முடியாது.

அந்தப் பதினைந்து வயதில் நார்பர்ட் தன் வீட்டுப் பண்ணையில் பால் கறந்து முடித்ததும், மாட்டுக்கொட்டகை பூட்ஸோடு நேராக ரஸ்ஸல் வீட்டின் கீழறைக்கு வந்துவிடுவான். அந்த வருஷம் புதிதாக ஆட வந்த இரண்டு டவுன் பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ரஸ்ஸலுக்கு அவர்களுடைய சிநேகம் வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை, நார்பர்ட்டின் குள்ளனை எலும்புக்கூடு ஒன்று வெட்டியது. மறைப்புக்குப் பின்னால் பகடையில் விழுந்தது ஒன்று. ரஸ்ஸல் "ஆறு" என்றான். குள்ளனுக்கு மூன்றோ நான்கோ புள்ளிதான் மிச்சமிருக்கும் என்பது அவன் கணக்கு.

நார்பர்ட் தன் தாளைப் பார்த்தான். ரஸ்ஸலைப் பார்த்தான். "சரி, செத்தாச்சு," என்று தொப்பியை மாட்டிக்கொண்டு போனான்.

ஆள் செத்தால் அடுத்த வாரம் புது ஆளை எழுதிக்கொண்டு வருவதுதான் வழக்கம். அவன் வரவில்லை. பள்ளிக்கூடத்திலும் தள்ளியே நடந்தான். அந்தக் கோடையில் பண்ணை கைமாறி, குடும்பமே அயோவா பக்கம் போய்விட்டது. முப்பத்தெட்டு வருஷம் கழித்து, மகளோடு இருக்க விஸ்கான்சினுக்குத் திரும்பி வந்தவன், போன மாதம் பெட்ரோல் பங்கில் ரஸ்ஸலைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "இன்னும் ஆடறியாடா?"

"என்ன, தூங்கிட்டியா?" என்றாள் மார்லிஸ்.

ரஸ்ஸல் நிமிரவில்லை. மேஜைவிரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து நீவினான்.

"நார்பர்ட், உன் குள்ளன் செத்தானே, அன்னிக்கு விழுந்தது ஆறு இல்லடா. ஒண்ணு. நான் மாத்திச் சொன்னேன்."

மார்லிஸ் கையிலிருந்த சீஸ் துண்டைத் தட்டிலேயே வைத்தாள். "இருபத்தாறு வருஷமா குடித்தனம் பண்றேன், என்கிட்டகூட நீ இதைச் சொன்னதில்லை. எதுக்கு அப்படிப் பண்ணினே?"

மூக்கைப் பிடித்துக்கொண்ட பையன்களைப் பற்றி இப்போதாவது சொல்லிவிடலாம் என்று ரஸ்ஸல் வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"சும்மாதான். கதை கொஞ்சம் சூடு பிடிக்கட்டும்னு."

"பையன் வயசுல பண்ணினதுதானே, விடுங்க நார்பர்ட்," என்றாள் மார்லிஸ்.

"நான் எப்பவோ விட்டுட்டேங்க," என்று நார்பர்ட் மெல்லிய புத்தகத்தை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். பிறகு ரஸ்ஸலிடம் திரும்பினான். குரலில் கோபம் இல்லை.

"அந்தப் பகடையை நினைச்சு நீ குமையாதேடா. நீ ஆறுன்னு சொன்னப்போ என் தாள்ல பதினொண்ணு இருந்துச்சு. ஆறு போனாலும் அஞ்சு மிச்சம். நான் கிளம்பினாத்தான் உனக்கு நிம்மதின்னு உன் மூஞ்சியில தெரிஞ்சுது, அதான் செத்தாச்சுன்னு சொன்னேன்."