தீவில் வாங்கிய பனியன்

“ஏனுங்க, மீன் எத்தனை பெருசுன்னு ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லோணும்,” என்றாள் மருதாள், வாசலை எட்டிப் பார்த்தபடி.

“ஆட்டுக்குட்டி தண்டி,” என்றான் அவள் புருசன் கன்னையன்.

“நாய்க்குட்டின்னு சொன்னாப் போதுங்க. எங்கண்ணன் நேர்ல பாத்த ஆளு.”

வரப்போகிற சென்னியப்பன், மருதாளுக்கு அண்ணன் மட்டுமல்ல, கன்னையனுக்கு முதலாளியும்கூட. அவருடைய பனியன் கம்பெனியில்தான் கன்னையன் கட்டிங் மாஸ்டர்.

போன வருடம் சென்னியப்பனும் மனைவி வேலாத்தாளும் பிள்ளைகளைத் தாத்தா வீட்டில் விட்டுவிட்டு, கொச்சியில் கப்பலேறி லட்சத்தீவு பார்க்கக் கிளம்பினார்கள். ஐந்து நாள் கழித்துத் திரும்பிய வேலாத்தாள் கன்னம் பளபளக்க, பத்து வயது குறைந்து நின்றாள். “எல்லாம் கடல் காத்துங்க,” என்றாள். அன்று தொடங்கிய தீவுப் புராணம் கம்பெனி மிஷின்களின் சத்தத்தையும் அமுக்கிவிட்டு ஒரு வருடம் ஓடியது. கடைசியில் சென்னியப்பன் தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் கப்பல் டிக்கெட்டே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

இவர்கள் போகவில்லை.

ஆசை இல்லாமல் இல்லை. மகள் தங்கமணிக்கு நாலு வயது. ராத்திரி பன்னிரண்டுக்கு முன்னால் கண்ணை மூடமாட்டாள். மகன் இளங்கோவுக்கு ஒன்றரை வயது. மூன்று மணிக்கு மேல் கண்ணை மூடமாட்டான். நடுவில் கிடைத்த மூன்று மணி நேரத்தில்தான் புருசனும் பெண்டாட்டியும் ஒன்றரை வருடமாக உயிர் வாழ்ந்தார்கள். பிள்ளைகளைக் கணியூரில் மருதாளின் அப்பா வீட்டில் விட்டுவிட்டுத் திருப்பூர் திரும்பியபோது கொச்சி ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. சித்தே முதுகைச் சாய்க்கலாம் என்று படுத்தார்கள்.

எழுந்தபோது மறுநாள் சாயங்காலம். இருபத்தெட்டு மணி நேரம்! நடுவில் பக்கத்து வீதியில் ஒரு கல்யாணமே நடந்து முடிந்திருந்தது. மேளம், வேட்டு, ரேடியோ செட், ஒன்றும் காதில் ஏறவில்லை. கப்பலும் போயே போய்விட்டது.

வெளியே எப்படித் தலைகாட்டுவது? கன்னையன் முன்கதவை வெளியே பூட்டிவிட்டுப் பின்பக்கமாக உள்ளே வந்தான். மிச்ச நாளையும் தூங்கியே தீர்த்தார்கள். ஐந்தாம் நாள் பிள்ளைகளைக் கூட்டிவரப் போகும் வழியில், தாராபுரத்தில் பஸ் மாறும்போது, தென்னை மரமும் அலையும் அச்சடித்த பனியன் இரண்டு வாங்கிக்கொண்டான். தீவுக்குப் போனதற்கு ஒரு சாட்சி வேண்டுமே!

“தூங்கியே டிக்கெட்டைத் தொலைச்சோம்னு தெரிஞ்சா, அண்ணன் மூஞ்சியில எப்படிங்க முழிக்கிறது?” என்று மருதாள் முனகும்போதே, மனைவியோடும் மகள் ரேவதியோடும் சென்னியப்பன் உள்ளே நுழைந்தார்.

“என்னங்க மாப்பளே, மீனுகளைப் பாத்தீங்களா?”

“நாய்க்குட்டி தண்டிங்க மச்சான். பக்கத்துல வந்து காலை நக்குச்சுங்க.”

“நக்குமே! எங்களையும் நக்குச்சு.”

கன்னையனுக்குத் தைரியம் வந்துவிட்டது. “நண்டு ஒண்ணு ரூம் வரைக்கும் கூடவே நடந்து வந்துச்சுங்க.”

“எங்க ரூமுல கதவையே தட்டுச்சுங்க,” என்றாள் வேலாத்தாள்.

மருதாள் புருசனின் தொடையைக் கிள்ளினாள். போதும் என்று அர்த்தம்.

அப்போதுதான் தங்கமணி கேட்டாள். “ஏம்மா, தீவுல வெயிலே அடிக்காதா? நீ கறுக்கவே இல்லியே!”

நல்லவேளை, வேலாத்தாள் முந்திக்கொண்டாள். “அந்த ஊர் வெயிலுல கறுக்காது கண்ணு.”

“மாமா, இங்க பாருங்க, தீவுல வாங்குன பனியன்!” என்று புதுப் பனியனை நீட்டினாள் தங்கமணி.

பனியன் கம்பெனிக்காரர் கையில் பனியன் கிடைத்தால் படத்தையா பார்ப்பார்? சென்னியப்பன் அதை உள்பக்கமாகத் திருப்பினார். தையலைத் தடவினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மேலிருந்து கீழே தலைமுடிபோல் ஒரு கோடு ஓடியது.

“ஊசிக் கோடு,” என்றார்.

பனியனைக் கன்னையனின் கண்ணுக்கு நேரே நீட்டினார்.

“ரெண்டு வருசத்துக்கு முந்தி நம்ம மூணாம் நம்பர் மிஷின்ல ஊசி வளைஞ்சு, ஒரு லாட்டு பூராவும் இந்தக் கோடு உளுந்துது. ஃபாரின் ஆர்டர் போச்சேன்னு மொத்தத்தையும் கழிச்சு, செகண்ட்ஸ்னு உள்ளூர்க் கடைகளுக்குத் தள்ளுனோம். இது எப்படிங்க மாப்பளே தீவுக்குப் போச்சு?”

தூக்கத்தில் வீங்கிய கண்ணோடு, திருப்பிக்கூடப் பார்க்காமல் வாங்கிய பாவம்! மருதாளின் கண் கலங்கிவிட்டது.

சென்னியப்பன் மகள் ரேவதியைப் பக்கத்தில் இழுத்தார். போன வருடம் தீவில் வாங்கியது என்று அப்பா கொண்டுவந்த பனியனைத்தான் அவள் போட்டிருந்தாள். துவைத்துத் துவைத்து மேலே இருந்த தென்னைமரப் படம் விளக்குமாறு மாதிரி ஆகியிருந்தது. அதன் ஓரத்தை மெதுவாக மடித்துக் காட்டினார்.

உள்ளே அதே கோடு.

“தாராபுரம் பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரக் கடைங்களா?” என்றார் குரலைத் தாழ்த்தி.

கன்னையன் தலையாட்டினான்.

“எத்தனை மணி நேரமுங்க?”

“இருபத்தெட்டுங்க மச்சான்.”

“நாங்க முப்பதுங்க மாப்பளே.”

“முப்பத்திரண்டு,” என்று திருத்தினாள் வேலாத்தாள்.